வாழ்த்து என்னும் காப்பு: ஒரு ஜப்பானியச் சொல்லும் புணே நகரத்து வழக்கும்

ஜப்பானிய மொழியில் ஆசி, வாழ்த்து, அருள் என்னும் பொருள்களுக்கு இன்று முதலில் எடுத்துக்காட்டப்படும் சொல் 'ஷுகுஃபுகு' என்பதாகும். பிறருக்கு நேர்ந்த நன்மையில் மகிழ்ந்து அவர் மேலும் நலம்பெற விரும்புதல் என்பது அதன் முதற்பொருள். கடவுள் மனிதருக்கு அருளுதல் என்பது கிறித்தவ வழக்கில் நிலைபெற்ற மறுபொருள். மராத்தியின் 'ஆசீர்வாத்', தமிழின் 'ஆசி' ஆகியவற்றுக்கு நேராக இச்சொல்லைக் கற்றுக்கொள்ளும் மாணவர், பெரியவர் ஒருவரின் காலைத் தொட்டு ஆசி கேட்கும் காட்சியை ஜப்பானியத்தில் சொல்ல முற்படும்போது தடுமாறிப்போகிறார். ஏனெனில் அக்காட்சியும் அந்த வேண்டுகோளும் ஜப்பானியருக்கு வழக்கமானவை அல்ல. அகராதி தரும் நேர்ச்சொல் பொய்யன்று, ஆனால் அது சொல்லின் மேற்பரப்பை மட்டுமே காட்டுகிறது.

இந்தத் தடுமாற்றத்தை ஆராய்வதற்குப் புணே பொருத்தமான இடம். சாவித்ரிபாய் புலே புணே பல்கலைக்கழகத்தின் அயல்மொழித் துறை இயங்கும் ரானடே நிறுவனத்திலும், திலகர் மகாராஷ்டிர வித்யாபீடத்திலும் ஜப்பானிய மொழி கற்பிக்கப்படுகிறது. ஜப்பானிய மொழித்திறன் தேர்வு நடைபெறும் இந்திய நகரங்களுள் இதுவும் ஒன்று. சாகண், தளேகாவ் தொழிற்பேட்டைகளில் உள்ள ஆலைகளுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் நாள்தோறும் தேவைப்படுகின்றனர். சிம்மகட் சாலையில் உள்ள பு. ல. தேஷ்பாண்டே பூங்கா, ஓகாயாமா நகரில் 1700-இல் நிறைவுற்ற கோராக்குவென் தோட்டத்தைப் பார்த்து அமைக்கப்பட்டது என்பதைப் புணேவாசிகள் அறிவர். அவ்வளவாக அறியப்படாத உறவு ஒன்றும் உண்டு. ஃபெர்குசன் கல்லூரியில் பணியாற்றிய பாலி அறிஞர் பு. வி. பாபட், ஜப்பானியப் பௌத்த அறிஞர் அகிரா ஹிராகாவாவுடன் இணைந்து, 'சமந்தபாசாதிகா' என்னும் பாலி வினய உரையின் சீன வடிவத்தை மொழிபெயர்த்தார். பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் அதை 1970-இல் வெளியிட்டது. ஒரு சொல் பாலியிலிருந்து சீனத்துக்கும் அங்கிருந்து ஜப்பானுக்கும் போகையில் எதை இழந்து எதைப் பெற்றது என்று பார்க்கும் பழக்கம் இந்நகரத்துக்குப் புதியதன்று.

தமிழிலும் மராத்தியிலும் ஆசி என்பது மேலிருந்து கீழே வருவது. தெய்வமோ குருவோ பெற்றோரோ மூத்தவரோ வழங்க, இளையவர் தலைவணங்கிப் பெறுகிறார். தமிழ் மேடைகளில் மூத்த தலைவரின் பிறந்தநாளில் பேசுவோர், தமக்கு வாழ்த்த வயதில்லை என்று சொல்லி வணங்கி முடிப்பது இந்த ஒழுங்கின் தெளிவான அடையாளம். மனிதருக்கிடையே வழங்கும் ஷுகுஃபுகு இவ்வாறு சரிந்து இறங்குவதில்லை. திருமண விருந்தில் மணமக்களை நண்பர்கள் ஷுகுஃபுகு செய்யலாம். ஓய்வுபெற்றுப் புதுவாழ்வு தொடங்கும் மேலதிகாரியை அவருக்குக் கீழே பணியாற்றியவர்கள் ஷுகுஃபுகு செய்யலாம். வயது அதற்குத் தகுதியாகக் கேட்கப்படுவதில்லை. எனினும் அது அன்றாடப் பேச்சுச் சொல்லும் அன்று. குழந்தை பிறந்த வீட்டில் ஜப்பானியர் சொல்வது 'ஒமெதெத்தோ' என்பதே. ஷுகுஃபுகு உரைகளுக்கும் எழுத்துக்கும் பாடல்களுக்கும் தேவாலயத்துக்கும் உரிய நடையைச் சேர்ந்தது. ஆகவே 'என்னை ஆசீர்வதியுங்கள்' என்பதை அச்சொல்லால் அப்படியே பெயர்த்தால், கேட்பவருக்குக் கிறித்தவ வழிபாட்டு வாசகம் போன்றே அது ஒலிக்கும்.

அச்சொல்லை எழுதும் இரு சீன எழுத்துருக்களும் பழைய சடங்கு ஒன்றை உள்ளடக்கியவை. முதல் எழுத்தின் இடப்பக்கம் பலிபீடத்தையும், வலப்பக்கம் அதன்முன் மண்டியிட்டு வாய்திறந்து வேண்டும் மனிதனையும் குறிக்கின்றன. இரண்டாம் எழுத்தான 'ஃபுகு'வின் மிகப் பழைய வடிவங்களில், குறிகேட்கப் பயன்பட்ட எலும்புகள் மீது பொறிக்கப்பட்டவற்றில், பீடத்தின்முன் இரு கைகள் மதுக்குடம் ஒன்றை ஏந்தி நிற்கின்றன. படைத்த மதுவின் பயனாகத் திரும்பிவரும் நலமே ஃபுகு. ஃபுகுஷிமா, ஃபுகுவோகா என்னும் ஊர்ப்பெயர்களின் முன்பாதி இதுவே. பிப்ரவரித் தொடக்கத்தில் வரும் 'செட்சுபுன்' நாளில் வறுத்த சோயா மொச்சைகளை வீசிப் பேயை வெளியே போகச் சொல்லும் குடும்பத்தார், வீட்டுக்குள் அழைப்பதும் இந்த ஃபுகுவையே. முதல் எழுத்துக்கு ஓர் உடன்பிறப்பும் உண்டு: பீடத்தின் இடத்தில் வாயைக் குறிக்கும் உறுப்பை வைத்தால் அது சாபத்தைக் குறிக்கும் எழுத்தாகிவிடும், பழங்காலத்தில் இரண்டும் வேண்டுதல் என்னும் ஒரே பொருளில் வழங்கின. வாழ்த்தும் சாபமும் ஒரே வாயில் பிறப்பவை என்பதைத் தமிழ் மரபுக்கு எவரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. செய்யுளின் முதற்சொல் மங்கலச் சொல்லாக இருக்க வேண்டும் என்று பாட்டியல் நூல்கள் வற்புறுத்தியதும், அறம் வைத்துப் பாடிய கலம்பகத்தைக் கேட்டே நந்திவர்மன் உயிர்விட்டான் என்று கதை வழங்கியதும் அந்த அச்சத்தின் இரு முகங்கள்.

ஷுகுஃபுகு கிறித்தவப் பொருளைப் பெற்றதற்கு விவிலிய மொழிபெயர்ப்பே காரணம். மெய்ஜி காலத்தில் புதிய ஏற்பாடு 1880-இலும் பழைய ஏற்பாடு 1887-இலும் ஜப்பானியத்தில் நிறைவுற்றன. ஆபிரகாமைக் கடவுள் அழைத்து ஆசி வழங்கும் ஆதியாகமப் பகுதியில் அம்மொழிபெயர்ப்பாளர்கள் ஒரே சொல்லால் அமையவில்லை: வாழ்த்தைக் குறிக்கும் எழுத்துருவை எழுதி, அருளைக் குறிக்கும் 'மெகுமி' என்னும் நாட்டுச்சொல்லால் அதை வாசிக்கச் செய்தனர், அதை அடுத்து நற்பேற்றைக் குறிக்கும் 'சாய்வாய்' என்னும் சொல்லை வேறு எழுத்துகளால் எழுதினர். 1955-இல் வெளிவந்த பேச்சுநடைப் பழைய ஏற்பாட்டில் அவ்விடங்களை எல்லாம் ஷுகுஃபுகு என்னும் ஒற்றைச் சொல் எடுத்துக்கொண்டது. ஒருமை கிடைத்தது உண்மை. ஆனால் எழுத்து ஒன்றும் ஒலி ஒன்றுமாக நின்ற முந்தைய தயக்கம் பொருளுக்கு இன்னும் நேர்மையாக இருந்தது என்றே சொல்ல வேண்டும். அந்த மெய்ஜி மொழிபெயர்ப்பு முடிந்த மறு ஆண்டு, 1888-இன் இறுதியில், அமெரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் ஜப்பானில் தங்கியவர் பண்டித ரமாபாய். பின்னாளில் புணேக்கு அருகிலுள்ள கேட்காவில் முக்தி இல்லத்தை நடத்தியபடியே, எபிரேயமும் கிரேக்கமும் பயின்று விவிலியம் முழுவதையும் எளிய மராத்தியில் பெயர்க்கும் பணியில் தம் இறுதி ஆண்டுகளை அவர் செலவிட்டார், 1922-இல் மறைந்தார். மராத்தி விவிலிய மரபுக்கும் தமிழ் விவிலிய மரபுக்கும் 'ஆசீர்வாதம்' என்னும் வடசொல் கையருகே இருந்தது. ஆசியை வாதமாக, அதாவது சொல்லப்படும் பேச்சாக வைத்த சொல் அது. ஜப்பானியருக்கோ அத்தகைய ஆயத்தச் சொல் இல்லை.

மெகுமி என்னும் நாட்டுச்சொல் தனித்து நோக்கத் தக்கது. பரிவுகொள்ளுதலைக் குறிக்கும் 'மெகுமு' என்னும் வினையின் பெயர் அது. அதனோடு உறவுடைய 'மெகுஷி' என்னும் பழஞ்சொல், பார்க்கும்போது நெஞ்சு நோவதையும் அன்பு சுரப்பதையும் ஒருங்கே குறித்தது. மனைவி மக்களைக் காணும்போது எழும் உணர்வுக்கு எட்டாம் நூற்றாண்டுக் கவிஞர் யமனோவே நோ ஓகுரா அச்சொல்லையே ஆண்டார். அருளை அன்பின் பிள்ளையாகக் கண்ட வள்ளுவரின் நெஞ்சுக்கு இது அண்மையானது. இன்றைய வழக்கில் மெகுமி பெரும்பாலும் இயற்கையிலிருந்து வருகிறது: கடலின் மெகுமி என்றால் மீன்வளம், வறட்சிக்குப் பின் பெய்யும் மழை 'மெகுமி நோ அமே'. கடக்வாஸ்லா அணையின் நீர்மட்டத்தை ஜூன் முழுதும் செய்தித்தாளில் பார்த்தபடி காத்திருக்கும் புணே மக்களுக்கு இத்தொடரை விளக்க அகராதி வேண்டியதில்லை. கொடுப்பவர் இன்னார் என்று சுட்டாமலே அருள் என்பதை இச்சொல் உணர்த்திவிடுகிறது.

ஆனால் ஜப்பானிய வாழ்த்தின் ஆணிவேர் ஷுகுஃபுகுவிலும் இல்லை, மெகுமியிலும் இல்லை. அது 'இவாவு' என்னும் பழைய வினையில் இருக்கிறது. இன்று இவாவு என்றால் விழாக்கொண்டாடுதல், வாழ்த்துதல். பழங்காலத்தில் அதன் பொருள் வேறு: உணவையும் செயலையும் சொல்லையும் அடக்கி, தன்னைத் தூய்மையாக வைத்துக்கொண்டு, தொலைவிலுள்ள ஒருவர் தீங்கின்றி இருக்குமாறு நோன்பிருத்தல். விலக்கு, தீட்டு ஆகியவற்றைக் குறிக்கும் 'இமி' என்னும் சொல்லோடு இது உறவுடையதாகவே சொல்லாய்வில் கருதப்படுகிறது. ஆகவே வாழ்த்துவது என்பது ஒருவருக்கு ஒன்றைக் கொடுப்பதாக அல்ல, அவர்பொருட்டுத் தன்னைக் காத்துக்கொள்வதாகத் தொடங்கியது.

இதற்கு மிகத் தெளிவான சான்று 'மான்யோஷூ' என்னும் பழைய பாடல் தொகையில் கிடைக்கிறது. 733-ஆம் ஆண்டில் தஜிஹி நோ ஹிரோனாரி என்பவரின் தலைமையில் சீனாவின் தாங் அரசவைக்கு நான்கு கப்பல்களில் தூதுக்குழு ஒன்று புறப்பட்டது. திரும்பிவருதல் நிச்சயமில்லாத பயணம் அது. அக்குழுவில் சென்ற ஒருவனின் தாய் பாடிய பாடல், பெயரறியாத அப்பெண் செய்ததைக் காட்டுகிறது: மூங்கில் மணிகளை நெருக்கமாகக் கோத்துத் தொங்கவிடுகிறாள், நோன்புக் கலயத்தில் நார்த்துணி கட்டுகிறாள், தன் ஒரே மகன் நலமாயிருக்க வேண்டும் என்று இவாவு செய்தபடி இருக்கிறாள். மகன் எங்கோ கடலில்; அவள் கையில் இருப்பது கலயம் மட்டுமே. அதே தூதுக்குழுவை வழியனுப்ப அதே ஆண்டில் ஓகுரா பாடிய நீண்ட பாடலில்தான், ஜப்பான் 'கொட்டோடமா' செழிக்கும் நாடு என்னும் புகழ்பெற்ற கருத்து வருகிறது. 'கொட்டோ' என்றால் சொல், 'தமா' என்றால் உயிர். சொல்லுக்குள் உறையும் ஆற்றல் என்பது அதன் பொருள். நல்ல சொல்லை உரைத்தால் நன்மை விளையும் என்னும் இந்த நம்பிக்கையிலிருந்தே, சொல்லால் வாழ்த்துதல் என்று பொருள்படும் 'கொட்டோஹோகு' என்னும் வினையும், அதிலிருந்து மங்கலத்தையும் நீள்வாழ்வையும் குறிக்கும் 'கொட்டோபுக்கி'யும் தோன்றின. தாயின் நோன்பும் கவிஞனின் சொல்லும் ஒரே கப்பலுக்காகச் செய்யப்பட்ட இருவகைக் காப்புகள்.

அந்தத் தூதுக்குழுவின் கதைக்குத் தென்னிந்தியத் தொடர்ச்சி ஒன்றும் உண்டு. அதன் அழைப்பை ஏற்று 736-இல் ஜப்பானை அடைந்தவர்களில் ஒருவர், தென்னிந்திய அந்தணராகப் பிறந்த போதிசேனர் என்னும் துறவி. நாரா நகரின் தோதாய்ஜி ஆலயத்தில் வார்க்கப்பட்ட பெரும்புத்தருக்கு 752-இல் கண் திறந்து வைத்தவர் அவரே. நம் சிற்பிகளும் கண் திறத்தல் என்றே அழைக்கும் அச்சடங்கில், அவர் ஏந்திய தூரிகையில் நீண்ட கயிறுகள் கட்டப்பட்டிருந்தன. கூடியிருந்தோர் அக்கயிறுகளைப் பற்றிக்கொண்டு அந்த நன்மையில் பங்குபெற்றனர். அத்தூரிகை இன்றும் நாராவின் ஷோசோயின் கருவூலத்தில் இருக்கிறது. ஜப்பானிய அசையெழுத்துகளின் வரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கிக் க, ச, த, ந என்று இந்திய நெடுங்கணக்கைத் தழுவிச் செல்வதும், துறவிகள் வழியே போன வடமொழி ஒலியியல் கல்வியின் பயனே.

சொல்லைக் காப்பது வாழ்த்தின் பாதி என்றால், சொல்லாமல் விடுவது மறுபாதி. ஜப்பானியர் அதை 'இமிகொட்டோபா', விலக்குச்சொல் என்பர். திருமண உரையில் வெட்டு, பிரி, திரும்பு, முடி ஆகிய பொருள்தரும் சொற்கள் வரக்கூடாது. 'மீண்டும் மீண்டும்' போன்ற அடுக்குத்தொடர்களும், மணம் மறுமுறை நிகழக்கூடாது என்பதால், தவிர்க்கப்படும். கேக் வெட்டுவதைக் கூடக் கத்தியை உள்ளே செலுத்துவதாகவே அறிவிப்பர். விருந்து முடிந்தது என்பதற்கு 'ஓஹிராக்கி', திறப்பு என்னும் சொல்லே வரும். நாணலைக் குறிக்கும் 'ஆஷி' என்னும் சொல் 'கெட்டது' என்றும் ஒலிப்பதால், 'நல்லது' என்று பொருள்தரும் 'யோஷி'யாக அது மாற்றி வழங்கப்படுகிறது. நன்னூல் தகுதி வழக்கின் ஒரு வகையாக வைத்த மங்கலம் இதுவே: செத்தார் என்பதைத் துஞ்சினார் என்றும், சுடுகாட்டை நன்காடு என்றும், விளக்கை அணை என்பதற்குக் குளிரவை என்றும் சொல்வது. தமிழ் இலக்கணம் இதைப் பெயரிட்டு வகைப்படுத்தியது. ஜப்பானியர் இன்றும் திருமணக் கையேடுகளில் பட்டியலிட்டு வைக்கின்றனர்.

புணேயின் மராத்தியில் இவ்வழக்கு இன்னும் கண்கூடாக வாழ்கிறது. இரவில் கடையை அடைப்பதை 'துகான் வாடவ்ணே' என்பர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் கடையைப் பெருகச் செய்தல். கையில் வளையல் உடைந்தால் வளையல் பெருகியதாகச் சொல்வர். பூசையிலும் திறப்புவிழாவிலும் தேங்காய் உடைப்பது 'நாரள் வாடவ்ணே', தேங்காயைப் பெருக்குதல். விடைபெறும் ஆண் 'யேத்தோ' என்றும் பெண் 'யேத்தே' என்றும் சொல்வார். இரண்டுக்கும் 'வருகிறேன்' என்பதே பொருள். தமிழில் 'போய்ட்டு வரேன்' என்பதும், ஜப்பானியர் வீட்டு வாசலில் சொல்லும் 'இத்தெகிமாஸ்' என்பதும், சொல்லமைப்பிலும் உள்ளக்கிடக்கையிலும் ஒன்றே: போய், வருகிறேன். வீட்டிலிருப்பவர் மறுமொழியாகச் சொல்லும் 'இத்தெராஷ்ஷாய்' என்பதும் 'போய்ட்டு வாங்க' தான். 733-இல் கலயத்தின்முன் அமர்ந்திருந்த தாயின் நோன்பு, ஒவ்வொரு காலையும் பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைக்கு இன்று இரண்டு சொற்களாகச் சுருங்கிக் கிடைக்கிறது. இதை நன்கு விளக்கும் ஆசிரியரிடம் பயிலும் மாணவருக்கு ஜப்பானியம் அயல்மொழியாகத் தோன்றுவதில்லை.

மராத்தித் திருமணத்தில் மங்களாஷ்டகம் பாடி முடியும் ஒவ்வொரு முறையும், கூடியிருப்போர் மணமக்கள்மேல் அட்சதை தூவும் நொடியில், 'சுப மங்கள் சாவதான்' என்னும் முழக்கம் எழுகிறது. 'சாவதான்' என்றால் விழிப்பாயிரு, கவனம். சமர்த்த ராமதாசர் தம் திருமணத்தில் அச்சொல்லைக் கேட்டதுமே விழிப்புற்றுப் பந்தலைவிட்டு ஓடித் துறவியானார் என்னும் கதையை மகாராஷ்டிரத்தில் அறியாதவர் அரிது. வாழ்த்தின் உச்சத்தில் ஏன் எச்சரிக்கை என்று கேட்பவருக்கு இவாவு என்னும் வினையின் பழம்பொருளே நல்ல விடையாக அமையும். நன்மை வந்து சேரும் வேளை காக்கப்பட வேண்டிய வேளையும் ஆகும். கவனம் பிசகினால் அது கைநழுவும். தமிழில் 'வாழ்த்து' என்னும் சொல்லின் ஆக்கமும் இதற்குத் தொலைவில் இல்லை. தாழ் தாழ்த்து ஆவதும் வீழ் வீழ்த்து ஆவதும் போல, வாழ் என்பதன் பிறவினையே வாழ்த்து. வாழச் செய்தல் என்னும் பொறுப்பு அதற்குள் இருக்கிறது. வழிபடு தெய்வம் காக்க வழிவழியாகச் சிறந்து வாழ்க என்னும் கருத்தமைந்ததைத் தொல்காப்பியம் புறநிலை வாழ்த்து என்றது. கேட்கும்போது வேம்புபோல் கசந்து பின்னர் நலம்தரும் அறிவுரையை வாயுறை வாழ்த்து என்று அதனோடு சேர்த்து வைத்தது. கண்டிப்பையும் வாழ்த்தின் வகையாகக் கொண்ட அந்தத் துணிவுக்கு ஈடான இலக்கண வகை ஒன்றைப் பிறமொழிகளில் காண்பது எளிதன்று.

பௌத்தம் கொண்டுவந்த சொற்களில் 'காஜி' முதன்மையானது. 'அதிஷ்டானம்' என்னும் வடசொல்லின் சீன ஆக்கம் அது. ஷிங்கோன் மரபைத் தோற்றுவித்த கூக்காய் (774-835) அதன் ஈரெழுத்தையும் பிரித்து விளக்கினார்: புத்தரின் கருணை சூரியனைப்போல உயிர்களின் உள்ளமாகிய நீரில் விழுவது முதற்பாதி, அந்நீர் அவ்வொளியை ஏற்று நிற்பது மறுபாதி. ஏற்கும் மனம் கலங்கியிருந்தால் ஒளி விழுந்தும் பயனில்லை; இங்கும் பெறுபவரின் தூய்மையே பேசப்படுகிறது. அதே அதிஷ்டானம் மராத்தியில் நிலைக்களம், இறைத்துணை என்னும் பொருள்களில் ராமதாசரின் வழியாக மக்கள் பேச்சுக்கே வந்துவிட்ட சொல்.

நம் தெய்வங்களே அங்கு ஃபுகுவை வழங்குகின்றன என்பதும் நினைவுகொள்ளத் தக்கது. ஜப்பானியர் வணங்கும் ஏழு நற்பேற்றுத் தெய்வங்களில் பென்சாய்தென் சரஸ்வதி, தாய்கொக்குதென் மகாகாலர், பிஷாமொன்தென் வைசிரவணர். அவ்வேழுவருக்குள் சேராதவர் பிள்ளையார். 'கங்கிதென்' என்றும் 'ஷோதென்' என்றும் பெயர்பெற்ற அவர், யானைத்தலை கொண்ட இரு உருவங்கள் தழுவி நிற்கும் கோலத்தில் மூடிய பேழைக்குள் இருக்கிறார், பொதுமக்கள் பார்ப்பதற்கில்லை. துறவிகள் அவர் திருமேனியை எண்ணெயில் நீராட்டுகின்றனர்; பணமுடிப்பு வடிவில் பொரித்த 'கங்கிதான்' என்னும் இனிப்பும், டோக்கியோவின் மட்சுச்சியாமா ஆலயத்தில் வெள்ளை முள்ளங்கியும் படைக்கப்படுகின்றன. கேட்ட வரத்தைத் தப்பாமல் தருபவர், ஆனால் நேர்ந்த நோன்பில் தவறினால் கடுமையானவர் என்பது அவரைப் பற்றிய நம்பிக்கை. 1890-களில் திலகர் தெருவுக்குக் கொண்டுவந்த கணபதியை, பத்து நாளும் மேளத்தோடும் ஆவியில் வேகவைத்த மோதகத்தோடும் கொண்டாடும் புணேவாசிக்கு, மூடிய பேழைக்குள் இருக்கும் கணபதி வியப்பளிக்கலாம். பூரணம் நிறைந்த இனிப்பு மட்டும், மேல்மாவும் உருவமும் மாறியும், கடல்கடந்து அவரோடு போயிருக்கிறது.

புத்தாண்டுக்குப் படைத்து இறுகிப்போன வட்ட அரிசிக் கட்டிகளை ஜப்பானியக் குடும்பங்கள் பெரும்பாலான பகுதிகளில் ஜனவரி 11 அன்று சுத்தியால் தட்டிப் பிளந்து உண்கின்றன. கத்தி படலாகாது என்பது வீரர் குடிகளிலிருந்து வந்த விலக்கு. திறப்புவிழாக்களிலும் திருமணங்களிலும் அரிசி மதுப் பீப்பாயின் மூடியை மரச்சுத்தியால் உடைக்கின்றனர். இரண்டுக்கும் பெயர் 'ககாமிபிராக்கி', கண்ணாடியைத் திறத்தல். உடைப்பதைக் குறிக்கும் 'வாரு' என்னும் வினை அங்கு வாயில் வருவதில்லை. புணேயின் தொழிற்பேட்டையில் புதிய இயந்திரத்துக்கு முன்னால் தேங்காயை ஓங்கும் மராத்தியர் 'நாரள் வாடவ்தோ' என்று சொல்லும்போது, பக்கத்தில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் கண்முன் நடப்பதைப் பார்த்து 'வாரு' என்று சொன்னால் செய்தி சரியாகவே போய்ச் சேரும். அவர் 'ஹிராக்கு', திறக்கிறார், என்று சொன்னால், தேங்காய் ஏன் உடைக்கப்படுகிறது என்பதும் சேர்ந்தே போய்விடும்.